வீட்டில் தோஷமா? வேலையில் மோசமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது காரியாலயத்திற்கு ஒரு தோழர் வந்திருந்தார். கோயமுத்தூருக்கு அடுத்த ஒரு ஊரில் லேத் பட்டறையில் வேலை செய்பவர்; நமது பத்திரிகையை அநேக வருஷங்களாக விடாமல் வாசித்து வருபவர். வந்தவர் உட்காருவதற்கு முன்பாகவே ஒரு துணி முடிச்சை எடுத்து நம் மேஜைமீது வைத்து அவிழ்த்தார். அதில் உள்ளங்கை அகலமுள்ள நாலைந்து காரைக் கட்டிகளும், கம்பியிலிருந்து உரிந்து விழுந்த துருச் சில்லுகளும் இருந்தன. "அய்யா, முப்பது லட்சம் கடன் வாங்கி நான் வாங்கின வீடு இதுதானுங்க" என்றார்.

சங்கதி என்னவென்றால், 24 குடித்தனங்கள் உள்ள ஒரு அடுக்கு மாடிக் கட்டிடத்தில் இரண்டாவது மாடி வீடு ஒன்றை வாங்கி அவர் குடிபோய் இப்போது நாலரை வருஷம் ஆகின்றது. இரண்டாவது மழைக்காலத்திலேயே, குளியலறையை ஒட்டின படுக்கை அறையின் மேல்தளத்தில் ஓதம் கண்டது. மூன்றாவது வருஷத்தில் அந்த இடத்தில் கோடு கிழித்தாற்போல் ஒரு வெடிப்பும் அதன் ஓரமாகச் செம்பழுப்புக் கறையும் தோன்றின. கட்டிடக்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, அவர் ஒரு ஆளை அனுப்பி வெடிப்பின்மேல் பட்டி பார்த்து வெள்ளையடிக்கச் செய்தார். சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, இவருடைய எட்டு வயதுப் பெண் குழந்தை படுக்கின்ற கட்டிலின்மேல் ஒரு கூடைக் காரை பெயர்ந்து விழுந்தது. குழந்தை அன்று பாட்டி வீட்டிற்குப் போயிருந்தபடியால் உயிரோடு இருக்கின்றது. "கடவுள்தான் காப்பாற்றினார்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்களாம். மூன்று வருஷமாக ஒழுகிய தண்ணீரைத் தடுக்காத கடவுள் அன்று ஒரு நாள் மாத்திரம் வேலைக்கு வந்ததேன் என்று இங்கு நாம் கேட்கப் போவதில்லை. நமக்கு அதைவிட அவசரமான வேலை இருக்கின்றது.

மறுநாள் தோழர் கட்டிடக்காரரிடம் ஓடினார். கட்டிடக்காரர் கோபித்துக் கொள்ளவில்லை. மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "என் செலவிலேயே பார்த்துவிடலாம்" என்று சொல்லி, மறு வாரம் ஒரு ஆசாமியைக் காரில் வைத்து அழைத்து வந்தார். வந்தவர் எஞ்சினீயர் அல்ல, வாஸ்து ஜோசியர். அவர் திசைகாட்டியை நாலு மூலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, ஈசானிய மூலையில் கக்கூஸ் இருப்பதனால் வீட்டிற்குத் தோஷம் என்றும், ஒரு சாந்தி செய்து செப்புத் தகடு பதித்தால் சரியாகிவிடும் என்றும், அதற்கு 35,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். ஜோசியரைக் கூட்டிவந்த செலவுதான் கட்டிடக்காரருடையது; சாந்திச் செலவு வீட்டுக்காரருடையதாம். தோழருடைய மாமியார் தம் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுக்கத் தயாராகிவிட்டார். இந்த நிலையில்தான் அவர் நம்மிடம் வந்தார்.

நாம் கேட்கின்றோம்: அந்த மூலையில் கக்கூசை வைத்தது யார்? படம் போட்டவர், அனுமதி வாங்கினவர், கட்டினவர், விற்றவர் எல்லாம் அந்தக் கட்டிடக்காரர்தானே! "நூற்றுக்கு நூறு வாஸ்துப்படி கட்டப்பட்ட வீடுகள்" என்று நோட்டீசில் வர்ணத்தில் அச்சடித்தவரும் அவர்தானே! விற்கும்போது இருந்த வாஸ்து, வெடிக்கும்போது எங்கே போய்விட்டது? இன்னொன்றும் பாருங்கள். அதே மூலையில், அதே திசையில், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு வீடுகளில் கக்கூஸ் இருக்கின்றது. தளம் உதிர்ந்தது ஒரே ஒரு வீட்டில். எந்த வீட்டிற்கு மேலே குளியலறைத் தண்ணீர் இறங்குகின்றதோ அந்த வீட்டில். ஈசானியத்திற்கு இரண்டாவது மாடிமேல் மட்டும் என்ன விரோதம்?

பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு எஞ்சினீயரை அழைத்துப்போய்க் காட்டும்படி தோழருக்குச் சொன்னோம். அவர் ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு டேப்புமாகப் போனார். தளம் முழுவதையும் தட்டிப் பார்த்து, சத்தம் பொத்தலாய்க் கேட்ட இடங்களையெல்லாம் கரிக்கோடு போட்டுக் காட்டினார். கம்பிக்கும் கான்கிரீட்டின் அடிப்பரப்புக்கும் நடுவே சாதாரணமாக 20 மில்லிமீட்டர் கனம் இருக்கவேண்டிய இடத்தில் நகக் கனம்தான் இருந்தது. கான்கிரீட்டுக்கு இயற்கையாக உள்ள காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கின்றது. கம்பிக்கு மூடாக்கு போதாவிட்டால் காற்றும் ஈரமும் சீக்கிரத்தில் கம்பியை எட்டிவிடுகின்றன. துரு என்பது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்ளும் வஸ்து. இடம் போதாமல் அது உள்ளேயிருந்து கான்கிரீட்டை நெம்புகின்றது. கம்பி ஓடுகின்ற கோட்டிலேயே வெடிப்பு ஓடுவதும், செம்பழுப்புக் கறை காண்பதும், கடைசியில் காரை பெயர்ந்து தலையில் விழுவதும் இதனால்தான். கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே, சில ரூபாய் பெறுகின்ற கவர் பிளாக்குகளை வைத்திருந்தால் மூடாக்கு சரியாக அமைந்திருக்கும். மேல்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் இறங்காதபடி பூச்சும் வாட்டமும் சரியாகச் செய்திருந்தால் ஈரம் வந்திருக்காது. இந்த இரண்டும் செய்யப்படவில்லை. எஞ்சினீயர் இதை மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து 5,000 ரூபாய் வாங்கிக் கொண்டார். 35,000 ரூபாய்த் தகட்டிற்கு முன் இது மலிவா, கிராக்கியா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இதைக் கேட்டவுடனே "கொத்தன் செய்த மோசம்" என்று சிலர் சொல்லக்கூடும். அது பெரிய அக்கிரமமான பேச்சாகும். கட்டிடக்காரர் ஒரு காண்டிராக்டரிடம் கொடுக்கின்றார். அவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு மேஸ்திரியிடம் விடுகின்றார். மேஸ்திரி கொத்தனாரையும் சித்தாள் பெண்களையும் அழைத்து வந்து இருட்டுவதற்குள் தளத்தை முடிக்கச் சொல்கின்றார். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீருக்குள் முடிக்க வேண்டிய கலவையில், சீக்கிரம் ஓடவேண்டும் என்பதற்காக இன்னும் ஒரு குடம் ஊற்றப்படுகின்றது. அந்த மிகுதித் தண்ணீர் ஆவியாய்ப் போன பிறகு அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாய் நிற்கின்றது. அப்புறம் குறைந்தது 7 நாளாவது, கலப்பு சிமெண்ட்டானால் 10 நாளாவது நனைத்து வைக்க வேண்டிய தளத்திற்கு, லாரித் தண்ணீர் விலை கொடுத்து வாங்க வேண்டியிருப்பதால் மூன்று நாளோடு நின்றுவிடுகின்றது. லாபம் மேலே நிற்கின்றது. அவசரம் கீழே இறங்குகின்றது. சட்டி சுமக்கின்ற பெண்ணுக்கு கவர் பிளாக் மிச்சத்தில் பங்கு உண்டா?

பங்கு இல்லாதவர்கள்தான் முதலில் சாகின்றார்கள் என்பதற்கு மவுலிவாக்கமே சாட்சி. 2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, சென்னை போரூருக்கு அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் மழையின்போது சரிந்து 61 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப் பிழைப்புக்காக வந்து அங்கு வேலை செய்த கூலித் தொழிலாளிகள். இடி விழுந்ததால்தான் கட்டிடம் விழுந்தது என்று கட்டினவர்கள் தரப்பில் அப்போது சொல்லப்பட்டது. சர்க்கார் நியமித்த நீதிபதி ரெகுபதி கமிஷன், குற்றம் வானத்திலல்ல, கட்டிடத்திலேயே இருந்தது என்று கண்டது. அதைவிடப் பெரிய ருஜு ஒன்று உண்டு. பக்கத்தில் அதே ஆட்கள் கட்டின இரண்டாவது கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடி விழாத அந்தக் கட்டிடத்தையும் நிற்கவிடக் கூடாது என்று எதனால் முடிவாயிற்று? அந்த இரண்டு கட்டிடங்களுக்கும் கட்டினவர்கள் வைத்திருந்த இங்கிலீஷ்ப் பெயர்கள் இரண்டிற்கும் தமிழில் "நம்பிக்கை" என்றே அர்த்தம். இதற்குமேல் நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

நிற்க, நமது தோழருக்குக் கட்டிடக்காரரைவிடப் பெரிய எதிரி ஒருவர் உண்டு. அது அந்தக் கட்டிடத்திலுள்ள மற்ற 23 வீட்டுக்காரர்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் எஞ்சினீயர் வந்து போனவுடனே சங்கத்தைக் கூட்டி, "நீங்கள் கேஸ், புகார் என்று கிளப்பினால் இந்தக் கட்டிடத்தின் பெயர் கெட்டு எங்கள் வீடும் விலை போகாது, பேசாமல் உள்ளுக்குள்ளேயே பூசிக் கொள்ளுங்கள்" என்று அவரைக் கேட்டுக் கொண்டார்களாம். அவர்களில் இரண்டு பேர் வீட்டிலும் அதே கறை கண்டிருப்பதாக அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கின்றார்கள். கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் மகளுக்கு வரன் பார்த்துக் கொண்டிருக்கின்றாராம். வீடு விரிசல் என்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்கின்றார். திருடன் தெருவில் நிமிர்ந்து நடக்க, பறிகொடுத்தவன் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக் கொள்ளும் வேடிக்கையை இந்த நாட்டில்தான் பார்க்கலாம். விலை போகவேண்டும் என்பதன் அர்த்தம் என்ன? உதிருகின்ற தளத்தை வெள்ளையடித்து, இன்னொரு லேத்துத் தொழிலாளி தலையில் கட்டவேண்டும் என்பதுதானே? கட்டிடக்காரர் நமக்குச் செய்ததை நாம் மற்றவனுக்குச் செய்ய நினைத்தால், அவர்மேல் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது? இரண்டு பேரும் பயப்படாமல் கூட வந்தால் மூன்று வீட்டுக் கறை சேர்ந்து ஒரே கதையைச் சொல்லும். ஒரு வீட்டுக் கறையை "மேல்வீட்டுக்காரர் அசட்டை" என்று தட்டிவிடலாம். மூன்றை அப்படித் தட்டிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்லுகின்றது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே கட்டிடக்காரர்களுக்குப் பெரிய மூலதனமாகும். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவு தெளிவாகச் சொல்லுகின்றது: வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து 5 வருஷத்திற்குள், கட்டுமானத்திலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ, செய்துகொடுத்த வசதிகளிலோ குறை இருப்பதாக வாங்கினவர் தெரிவித்தால், கட்டினவர் 30 நாளைக்குள் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கவேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலாவது, 8 வீட்டிற்கு மேலாவது கட்டி விற்பவர்கள் இந்தச் சட்டப்படி பதிவு செய்து கொண்டுதான் விற்கவேண்டும். புகாரைச் சென்னையிலுள்ள ஒழுங்குமுறை ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் வாங்கினவரே கொடுக்கலாம். தீர்ப்பான பணத்தைக் கட்டிடக்காரர் கொடுக்காவிட்டால் நிலவரி பாக்கியைப் போல் வசூலிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கின்றது. கையில் இத்தனை ஆயுதம் இருக்க, நம்மவர்கள் எலுமிச்சம் பழத்தை அறுத்துக் கொண்டிருக்கின்றார்கள்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தேதி. 5 வருஷம் என்பது ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணப்படுவது. "பார்க்கிறேன், செய்கிறேன், மழை போகட்டும், பொங்கல் போகட்டும்" என்று கட்டிடக்காரர் இனிக்க இனிக்கப் பேசுவதெல்லாம் அந்த நாட்களைத் தின்பதற்குத்தான். பட்டி பார்த்ததும், வாஸ்துக்காரரைக் கூட்டி வந்ததும் அதற்கே. நமது தோழருக்கு மீதி இருப்பது ஆறு மாதம். இன்னும் ஒரு சாந்தி, ஒரு மண்டலம் விரதம், ஒரு நல்ல நாள் என்று போயிருந்தால், தோஷம் தீருவதற்கு முன்பாக அவருடைய பாத்தியதை தீர்ந்திருக்கும்.

ஒப்பந்தப் பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குருகிராமத்தில் வீடு வாங்கின ஒருவருடைய வழக்கு 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. அந்தப் பத்திரத்தில், வாங்கினவர் தவணையைத் தாமதித்தால் வருஷத்திற்கு 100-க்கு 18 வட்டி; கட்டினவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தைத் தாமதித்தால் 100-க்கு 9 வட்டி. ஒரே குற்றத்திற்கு ஆளைப் பார்த்துத் தண்டனை சொல்லுவது மனுதர்மத்தோடு ஒழிந்ததாக நினைத்திருந்தோம். அது முத்திரைக் காகிதத்தில் குடியேறியிருக்கின்றது போலும். அப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த ஷரத்துக்கள் வாங்கினவரைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே "நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று யாராவது பயமுறுத்தினால் பயந்துவிட வேண்டியதில்லை.

கிராமத்துத் தோழர்கள், "இதெல்லாம் மாடி வீட்டுக்காரன் பேச்சு; சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டிக் கொள்ளுகின்ற எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சொந்த மனையில் காண்டிராக்ட் விட்டுக் கட்டினவருக்கு மேற்சொன்ன ரியல் எஸ்டேட் சட்டம் உதவாது. ஆனால் நுகர்வோர் சட்டம் உண்டு. வீடு கட்டிக் கொடுப்பதும் சேவைதான் என்று அந்தச் சட்டத்திலேயே கண்டிருக்கின்றது. கொடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் ஆனால் ஜில்லா நுகர்வோர் ஆணையத்திலேயே, தாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே, மனுப் போடலாம். இதற்குத் தவணை 2 வருஷம். ஆனால் எழுத்தில்லாத காண்டிராக்டை வைத்துக் கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போய் என்ன செய்வது? பூமி பூஜைக்கு மஞ்சள் துண்டுக் காகிதத்தில் 32 சாமான் எழுதி வாங்குகின்றவர்கள், எட்டு லட்சம் ரூபாய் வேலைக்கு என்ன கம்பி, என்ன மணல், என்ன கலவை, எத்தனை தவணை என்று ஒரு பக்கம் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குவதில்லை. கேட்டால், "நம்ம சொந்தக்காரர்" என்கின்றார்கள்.

இலவசமாகவோ மலிவாகவோ சர்க்கார் கட்டிக் கொடுத்த வீட்டில் இருப்பவர்களின் கதை இன்னும் பரிதாபமானது. 2021-ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், புதிதாய்க் கட்டின அடுக்கு மாடிகளில், கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை ஊரே பார்த்தது. குடிசையிலிருந்து அங்கு வந்த ஜனங்கள் தைரியமாய்ச் சொன்னதால்தான் வெளிவந்து, ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு சோதனையும் நடந்தது. "இனாம் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாமா" என்று அவர்களிடம் சிலர் கேட்டார்கள். அது இனாம் அல்ல. அவர்கள் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கொடுத்த வரியில் கட்டினது. அந்தப் பூச்சு அவர்கள் பிள்ளைகள் தலைமேல்தானே விழும்?

எல்லாக் கட்டிடக்காரர்களும் மோசக்காரர்கள் என்றோ, எல்லா விரிசலும் ஆபத்து என்றோ நாம் சொல்லவில்லை. பூச்சு காயும்போது மயிரிழைக் கீறல்கள் விழுவது சகஜம். அதற்காகக் கோர்ட்டுக்குப் போகிறவன் பைத்தியக்காரன். அலமாரிக்காகச் சுவரைக் குடைந்தும், பீமைத் துளைத்தும், மொட்டை மாடியில் கேட்காமல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றியும் வீட்டைக் கெடுத்துவிட்டு, பழியைக் கட்டினவர்மேல் போடுகின்ற வீட்டுக்காரர்களையும் நாம் பார்த்திருக்கின்றோம். ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல் சாய்வாக ஏறுகின்ற விரிசலும், தளத்தில் கம்பிக் கோட்டில் ஓடுகின்ற விரிசலும் விளையாட்டல்ல. சந்தேகமானால் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் காரை வைத்து ஒட்டுங்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகருகின்றது என்று அர்த்தம். இதற்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை.

நமது தோழர் மாதம் சுமார் 26,000 ரூபாய் வீதம் 20 வருஷம் அந்த வீட்டிற்காகக் கட்டவேண்டும். முப்பது லட்சம் கடனுக்கு முடிவில் கொடுப்பது அறுபது லட்சத்திற்கு மேல். ஓவர்டைம் பார்த்து, பண்டிகைக்குத் துணி எடுக்காமல் கட்டுகின்ற பணம் அது. அவருடைய மனைவி அந்த அறையைப் பூட்டி வைத்துவிட்டு, குழந்தையைச் சமையலறையில் படுக்கவைக்கின்றாராம். பூட்டின அறைக்கும் வட்டி ஓடிக் கொண்டிருக்கின்றது.

எஞ்சினீயர் அறிக்கை, போட்டோக்கள், ஒப்படைத்த தேதி போட்ட கடிதம், பணம் கட்டின ரசீதுகள் எல்லாவற்றின் நகலையும் சேர்த்து, 30 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வரும்படி, கட்டிடக்காரருக்கு அனுப்பியாகிவிட்டது. கடிதம் சேர்ந்த நாலாம் நாள் அவரே போன் செய்து, "எதுக்குங்க இந்தக் கடிதாசியெல்லாம், நேரில் பேசித் தீர்த்துக்கலாமே" என்றாராம். என்ன பேசுவதானாலும் எழுதிக் கொடுக்கும்படி தோழர் பதில் சொல்லியிருக்கின்றார். கூட்டத்தில் வாய் திறக்காமலிருந்த இரண்டு பேரில் ஒருவர், மகளுக்கு வரன் பார்க்கின்றவரே, மறுநாள் வந்து அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக் கொண்டு போயிருக்கின்றார்.

இதுபோன்ற கஷ்டத்திலுள்ள தோழர்கள் எவராயினும், மனு எழுதத் தெரியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குமேல் நமது காரியாலயத்திற்கு வரலாம். கிரயப் பத்திரம், ஒப்பந்தம், ரசீதுகள், ஒப்படைத்த தேதிக்கு ஏதாவது ஒரு காகிதம் இவைகளைக் கொண்டு வரவேண்டும். உதிர்ந்த காரை இருந்தால் அதையும் கொட்டிவிடாமல், தேதி எழுதி முடிந்து கொண்டு வாருங்கள்.